'ஒரிஜினல்' வேண்டாம்; பாலிஷ் போடாததைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கோவையில் எங்கள் புது வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. ஹாலுக்கு வெள்ளைக்காரர் காலத்துப் பாணியில் பிரம்பு சோபா, நீளமான கை வைத்த சாய்வு நாற்காலி இரண்டு, ஒரு வட்ட மேசை வாங்க ஆசை. புதுச்சேரிக் கடை ஒன்றில் 'பிரெஞ்சுக்காரர் வீட்டு ஒரிஜினல்' செட் 2,40,000 ரூபாய், அதே மாதிரி புதிதாகச் செய்த 'பர்மா தேக்கு' செட் 1,50,000 ரூபாய் என்கிறார்கள். எங்கள் இன்டீரியர் டிசைனர் முதலாவதைத்தான் வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்? – ஒரு வாசகி

பதில்: புதியதையே வாங்குங்கள். ஆனால் 'பர்மா' என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த ஒரிஜினலைப் பார்ப்போம். அடுத்த முறை போகும்போது கையில் டேப் கொண்டுபோங்கள். வட்ட மேசைப் பலகையை ரேகை ஓடும் திசையில் ஒரு தடவை, ரேகைக்குக் குறுக்கே ஒரு தடவை அளந்து பாருங்கள். மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டில்தான் சுருங்கும். நூறு வருஷத்து மேசையென்றால் குறுக்களவு சில மில்லிமீட்டராவது குறைந்திருக்கும். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், வயது மேசைக்கு இல்லை, கடைக்காரர் சொல்லும் கதைக்குத்தான். பிறகு மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. "ரிப்பேர் பண்ணும்போது போட்டது" என்பார்கள். நாலு காலிலும், எல்லா மூலையிலுமா ரிப்பேர்? கண்ணில் படாத அடிப்பக்கமும் மேல்பக்கம் போலவே சீராகப் பழுப்பேறியிருந்தால் அது பூசின சாயம்.

டிசைனர் ஏன் விலை கூடினதைக் காட்டுகிறார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? கடைகள் தரும் கமிஷன் பெரும்பாலும் விற்ற விலையில் சதவீதக் கணக்கு. அவருக்குரிய ஃபீஸைக் கொடுத்துவிடுங்கள். கடைக்கு நீங்களாகப் போங்கள். "யார் அனுப்பினாங்க?" என்பதுதான் உள்ளே நுழைந்ததும் வரும் முதல் கேள்வி. "யாருமில்லை, நாங்களேதான் வந்தோம்" என்று சொல்லிவிட்டு விலையைக் கேளுங்கள். டாக்சி டிரைவர் கூட்டிப்போகும் கடைக்கும் இதே கதைதான்.

அடுத்து 'பர்மா தேக்கு'. பர்மா, அதாவது இன்றைய மியான்மர், 2014 ஏப்ரலிலேயே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று மரவாடிகளுக்கு வருவதில் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தோட்டத் தேக்கு நிறைய. அதுவும் தேக்குதான், கெட்ட மரமில்லை. சீக்கிரம் வளர்ந்ததால் வைரம் (நடுவிலுள்ள முற்றிய பாகம்) குறைவாகவும் ஓரத்து வெள்ளை அதிகமாகவும் இருக்கும். அந்த வெள்ளையில்தான் வண்டு விழும். நாற்காலிக்கு அடியில் மாவு கொட்டும். மரத் துண்டு ஒன்றைப் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கு அனுப்பினால், கட்டணம் வாங்கிக்கொண்டு என்ன மரமென்று சொல்வார்கள். ஆனால் அது பர்மாவில் வளர்ந்ததா கானாவில் வளர்ந்ததா என்று மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

ஆகவே நிபந்தனை ஒன்றே ஒன்று போடுங்கள்: பாலிஷ் ஏறுவதற்கு முன் வெறும் மரமாக எனக்குக் காட்ட வேண்டும். வெள்ளைப் பாகத்தை மறைக்கிற சாயம், ஒட்டுப்பலகை, வெடிப்பில் அடைத்த மக்கு எல்லாம் அப்போதுதான் தெரியும். காலும் சட்டமும் சேருமிடத்தில் கழுந்து (துளைக்குள் செருகும் மரமுனை) இறக்கியிருக்கிறதா, வெறும் ஆணியா என்று ஆசாரியைக் கேளுங்கள். ஈரப்பதம் அளக்கும் கருவி 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இன்னும் காயட்டும் என்று சொல்லிவிடுங்கள். பாதிப் பணத்துக்கு மேல் அட்வான்ஸ் தராதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடித்த வீட்டு மரம். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது உத்திரமும் தூணும் நிலையும் காரைக்குடிக் கடைகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் போகின்றன. அதை அறுத்துப் புது நாற்காலி செய்கிறார்கள். மரத்துக்கு நூறு வயது, நாற்காலிக்கு ஆறு மாதம். இதை 'ஆன்டிக்' என்று விற்றால் பொய். 'பழைய மரத்தில் புது வேலை' என்று விற்றால் தாராளமாக வாங்கலாம், சற்றுக் கூடக் கொடுத்தும் வாங்கலாம். பல தலைமுறை வெயிலும் மழையும் கண்ட மரம், இனி அதிகம் முறுக்காது. ஆணித் துளை இருக்கும். துளையைச் சுற்றி இரும்புக் கறுப்பும் இருக்கும். அது குறையில்லை, அடையாளம். அறுத்த பின் வெளிப்படும் புது முகம் சில வாரமாவது காற்றாட வேண்டும். சுவர்க் குழியில் செருகியிருந்த நுனிகளை வெட்டி எறிந்துவிட்டார்களா என்று மறக்காமல் கேளுங்கள். கரையான் முதலில் போவது அங்கேதான்.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம். லட்ச ரூபாய் சோபாவில் என்ன மரம் என்று எழுதக் கட்டாயப்படுத்த இங்கே ஆளில்லை. பில்லில் 'வுட் ஃபர்னிச்சர் செட்' என்று எழுதிக் கொடுப்பார்கள். "தேக்கு, வைரப் பாகம் மட்டும், புதிதாகச் செய்தது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "பில் வேண்டாம், ஜிஎஸ்டி மிச்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் வழக்குக் கட்டணமில்லை. மரத்தைச் சோதிக்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019-ஆம் வருஷச் சட்டம். வாய்தாவுக்கு அலைந்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அதனால்தான் பில்லிலேயே இத்தனை பிடிவாதம் பிடிக்கச் சொல்கிறேன்.

பிரம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு இழை இழையாகக் கோத்திருந்தால் கைப்பின்னல். சுற்றிலும் பள்ளம் வெட்டி ஒட்டியிருந்தால் மெஷின் பின்னல். இரண்டுக்கும் ஒரே விலை கேட்பார்கள், தராதீர்கள். தொய்ந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள், இறுகும்.