அலுவலகத்தை வரைபவர் அதை அளக்கவும் பழகினால்

கேள்வி: உள்ளக வடிவமைப்பில் டிப்ளோமா முடித்து, கொழும்பில் மூன்று வருடமாக அலுவலகங்களுக்கு வரைபடம் போடுகிறேன். ஆய்வு, வடிவமைப்பு, தொழில்நுட்பம் மூன்றும் சேர்ந்த பணியிட வேலைக்கு மாற விருப்பம். இனி ஒரு மென்பொருள் பட்டமும் படிக்க வேண்டுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் வரைபடத் திறமைதான் இந்தத் தொழிலுக்கு வேர். நீங்கள் வடிவமைத்துக் கொடுத்த அலுவலகம் ஒன்றுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அங்கே போங்கள். ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பத்து வேலைநாட்கள், மணிக்கு ஒரு தடவை சுற்றிவந்து, எந்தக் கதிரையில் ஆள் இருக்கிறார், எந்த அறை வெறுமையாகக் கிடக்கிறது என்று வரைபடத்திலேயே குறியுங்கள். முன்பதிவுப் பட்டியலில் நிரம்பியிருக்கும் கூட்ட அறையில் உண்மையில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஊழியர்களிடமும் பேசுங்கள். "வசதியா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "நேற்று கடினமான வேலையை எங்கே இருந்து செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

தொழில்நுட்பம் அடுத்த படி. எட்டுப் பேர் இருக்கும் சிறிய கூட்ட அறையில் ஒரு கரியமில வாயு உணரியை வையுங்கள். வெளிக்காற்றில் அது பத்து இலட்சம் பங்கில் 400 பங்குக்குச் சற்று மேல். கதவை மூடினால் அரைமணிக்குள் 1000ஐத் தாண்டிவிடலாம். நம் ஊரில் சுவரில் மாட்டும் ஏசிகளில் பெரும்பாலானவை உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பவை, புதுக்காற்றைக் கொண்டுவராதவை. பின்னேரக் கூட்டத்தில் வரும் தூக்கத்துக்கு மதியச் சோற்றை மட்டும் குறைசொல்ல முடியாது. இந்த எண்ணைக் காட்டி ஒரு காற்றுவழி கேட்டால், வாடிக்கையாளர் உங்கள் ரசனையோடு வாதாட மாட்டார். விரிதாளில் வரைபு போடத் தெரிந்தால் தொடங்கப் போதும். பைத்தன் என்ற நிரல்மொழியைப் பிறகு பழகலாம்.

இந்த மூன்றும் ஏன் சேர வேண்டும் என்பதற்கு ஒரு ஆய்வு. ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உணரி அணிவித்து அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சுவரை எடுத்தால் பேச்சுக் கூடும் என்பதே எதிர்பார்ப்பு. நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. வடிவமைப்பாளரின் ஊகத்தை உணரி திருத்திய இடம் அது.

ஒன்றில் கவனம்: ஆட்களை எண்ணுங்கள், ஆளை அடையாளம் காணாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, எதை, எதற்காக அளக்கிறீர்கள் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் ஊழியர்கள் அதை உளவு என்றே நினைப்பார்கள். நினைப்பதும் நியாயம்.

வேலை தேடும்போது அழகான படங்களை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரே அறையின் கதையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கண்டீர்கள், எதை மாற்றினீர்கள், மறுபடி அளந்தபோது என்ன வந்தது. மாற்றம் பலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பேன்.