விண்டோஸ் திறக்கவில்லை என்றால் உடனே ஃபார்மட் செய்ய வேண்டுமா?

கேள்வி: கும்பகோணம் பகுதியில் தட்டச்சு, நகலெடுப்புக் கடை நடத்துகிறேன். 2016இல் வாங்கிய மேசைக் கணினி. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. அதன்பின் “ஆட்டோமேட்டிக் ரிப்பேர்” என்று வருவதும் மறுபடி தொடக்கத்துக்கே போவதுமாக இருக்கிறது. சர்வீஸ் செய்பவர், ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகவும், லைசென்ஸ் தேவையில்லை என்றும் சொல்கிறார். வாடிக்கையாளர்களின் பாமினி எழுத்துருக் கோப்புகள், பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) வேலைகள், எக்செல் கணக்குகள் எல்லாம் அதில்தான் உள்ளன. இதைச் சரிசெய்ய முடியுமா? லினக்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அப்டேட்டின்போது விண்டோஸ் தன்னுடைய கணினிக் கோப்புகளைப் படிப்படியாக மாற்றுகிறது; பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் புதியதும் கலந்த நிலையில் அது சிக்கிக்கொள்கிறது. கெட்டிருப்பது அந்தப் பகுதிதானே தவிர, நீங்கள் தட்டச்சு செய்து சேமித்த கோப்புகள் அல்ல. ஆகவே ஃபார்மட் என்ற சொல்லை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

பழுதுபார்க்கும் முன் கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இதற்குத் தேவையானது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், நகலெடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும்தான். வேறொரு கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) தரவிறக்கி (ஏறக்குறைய 3 ஜிபி), ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்; பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். பிறகு உங்கள் கணினியை இயக்கும்போது எஃப்12 அல்லது எஃப்11 விசையை (மதர்போர்டைப் பொறுத்து இது மாறும்) அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவையும் ரேமையும் கொண்டே மின்ட் ஓடும். திரையில் தெரியும் “இன்ஸ்டால்” படத்தை மட்டும் தொடாதீர்கள்.

அங்கிருந்து கோப்பு மேலாளரைத் திறந்தால் உங்கள் சி, டி டிரைவ்கள் தெரியும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றை எல்லோரும் நினைவாக எடுத்துவிடுவார்கள், மறந்துபோவது எழுத்துருக்களைத்தான். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் அவசியம் நகலெடுங்கள். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பத்தாண்டுக் கால வேலையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். (புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அவற்றில் பிட்லாக்கர் பூட்டு பெரும்பாலும் இயல்பாகவே போடப்பட்டிருக்கும், 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் கோப்புகளைத் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள்.)

நகல் எடுத்து முடிந்ததும், மின்டிலுள்ள “டிஸ்க்ஸ்” கருவியில் ஹார்ட் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (பழுதாகியிருக்கலாம் என்று ஐயப்படும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளிலும் சுழியம் இருந்தால் நிம்மதி. எண்கள் இருந்து, அவை நாளுக்கு நாள் கூடினால், பழுது விண்டோஸில் இல்லை, தட்டிலேயே (ஹார்ட் டிஸ்க்கிலேயே) இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில், தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது, தளர்ந்த மாட்டின் மேல் மேலும் சுமை ஏற்றுவது போன்றது. தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கவைத்து, இருக்கும் உயிரையும் அது போக்கிவிடலாம். தட்டு டக் டக் என்று ஒலி எழுப்பினால் நகலெடுக்கும் முயற்சியையும் நிறுத்திவிட்டு, தரவு மீட்புப் பணி செய்பவரிடம் கொண்டுபோவதே நல்லது.

தட்டு நலமாக இருந்தால் விண்டோஸைப் பழுதுபார்ப்பது அத்தனை கடினமன்று. ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட் வழியாகச் சென்று, முதலில் “அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டை விலக்குவதுதான் உங்கள் நிலைமைக்கு நேரான மருந்து. அது பயன்படாவிட்டால், விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர், அதற்குப் பின் ஸ்டார்ட்அப் ரிப்பேர். சிஸ்டம் ரெஸ்டோர் உங்கள் கோப்புகளைத் தொடாது. அண்மையில் நிறுவிய மென்பொருள்கள், டிரைவர்கள், அப்டேட்கள் ஆகியவற்றை நீக்கும். கணினி திறந்துவிட்டால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து, கெட்ட கணினிக் கோப்புகளைச் சரிசெய்யும் இரு கட்டளைகளை, அதாவது டிஸ்ம் கட்டளையை ரெஸ்டோர்ஹெல்த் விருப்பத்தோடும், அடுத்து எஸ்எஃப்சி கட்டளையை ஸ்கேன்நவ் விருப்பத்தோடும் ஓட்டுங்கள். எஸ்எஃப்சி மாற்றுக் கோப்புகளை எடுக்கும் களஞ்சியத்தை டிஸ்ம் சீர்செய்வதால், இந்த வரிசை மாறக் கூடாது. எதுவும் பலிக்காதபோது கடைசியாக “ரீசெட் திஸ் பிசி” இருக்கிறது. அதில் “கீப் மை ஃபைல்ஸ்” என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் பேஜ்மேக்கர் உள்ளிட்ட மென்பொருள்கள் போய்விடும். அவற்றின் நிறுவல் குறுவட்டு கையில் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு அந்த வேலையில் இறங்குங்கள்.

சரிசெய்தாலும் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவுசெய்து பெறும் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும்; உங்கள் செயலி அந்தப் பட்டியலில் இல்லை. சர்வீஸ் செய்பவர் சொல்லும் “லைசென்ஸ் தேவையில்லாத” விண்டோஸைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் அதை இயங்கவைக்கும் கிராக் மென்பொருள் பெரும்பாலும் முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லித்தான். பிறருடைய ஆதாரும் சான்றிதழ்களும் வந்துபோகும் கடையில் அப்படிப்பட்ட ஒன்றை நான் அனுமதிக்க மாட்டேன்.

ஆகவே லினக்ஸ் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. லினக்ஸ் ஒரு கட்டற்ற மென்பொருள்; அதில் விலையின்மையைவிட, அதைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையே முதன்மையானது. உங்களுக்கு இப்போது பயன்படுவது, பழைய கணினிக்கும் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்கும் என்பதுதான். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. ஆயினும், சிக்கல் வந்தால் கேட்டுத் தெளிய அதிகம் பேர் இருப்பதால் மின்டையே பரிந்துரைக்கிறேன். 4 ஜிபி ரேமுக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும்.

கோப்புகளை மீட்கப் பயன்பட்ட அதே பென் டிரைவில், மாறலாமா வேண்டாமா என்பதையும் சோதித்துவிடலாம். பாமினி எழுத்துருவை அதில் நிறுவி, பழைய வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸில் (மின்டிலேயே வரும் அலுவலக மென்பொருள்) திறந்து பாருங்கள். கணினியை மறுபடி இயக்கும்போது நிறுவியது மறைந்துவிடும், சோதனைக்கு அதுவே போதும். பாமினியில் நேரடியாகத் தட்டச்சு செய்பவர் அதே விரல் பழக்கத்தோடு தொடரலாம். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் லினக்ஸில் கிடையாது. அதற்கு ஈடாக ஐபஸ்-எம்17என் தொகுப்பில் தமிழ்99, தட்டச்சுப்பொறி ஆகிய விசைப்பலகைகள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) கிடைக்கின்றன. எக்செல் கணக்குகள் திறக்கும், ஆனால் மேக்ரோக்கள் (தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்புகள்) இருந்தால் அவை ஓடாமல் போகலாம். இடறும் இடம் பேஜ்மேக்கர்தான். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் லிப்ரே ஆபிஸ் டிராவும் அதன் கோப்புகளைத் திறக்க முயலும்; பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்பி வாடிக்கையாளருக்கு நாள் குறிக்காதீர்கள்.

எனவே முழுமையாக மாறுவதும் வேண்டாம், மாறாமலே இருப்பதும் வேண்டாம். ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டு (தவறான தட்டு அழியாமலிருக்க இதுவே உறுதியான வழி), மின்டை அதில் நிறுவுங்கள்; முடிந்ததும் பழையதை மறுபடி இணைத்துக்கொள்ளுங்கள். வலையில் செய்யும் விண்ணப்பங்கள், மின்னஞ்சல், புதிய தட்டச்சு வேலைகள் எல்லாம் அதில் நடக்கட்டும். எஸ்எஸ்டியின் வேகமே உங்களுக்குப் புதிய கணினி வாங்கியது போலிருக்கும். பழுதுபார்த்த விண்டோஸ் 10 பழைய தட்டிலேயே இருக்கட்டும். வலையிணைப்பு இல்லாமல், பேஜ்மேக்கருக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும். தட்டு பழுது என்று தெரியவந்தால் மட்டும் 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, முதலில் விண்டோஸையும் பிறகு மின்டையும் அதிலேயே நிறுவ வேண்டும். உங்கள் விண்டோஸ் 10 முறையான உரிமம் பெற்றதென்றால், அந்த உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், புதிய தட்டில் நிறுவினாலும் வலையில் இணைத்தவுடன் தானாகவே செயல்படும்.

எஸ்எஸ்டி வாங்கும் முன் அச்சுப்பொறியையும் பென் டிரைவ் மின்டில் இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். ஹெச்பி பொறிகள் பெரும்பாலும் எளிதாக வேலை செய்யும். நகலெடுப்புக் கடைகளில் பரவலாக உள்ள கேனன் எல்பிபி 2900 என்றால், அதன் இயக்கியை (டிரைவரை) நிறுவுவது சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். அது பணியாவிட்டால், மின்டில் செய்ததைப் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் எடுத்து, விண்டோஸ் பக்கத்திலிருந்து அச்சிட வேண்டியிருக்கும்.