போலீஸ் ஆக காலேஜ் படிப்பா, அகாடமியா? கலிஃபோர்னியா வாசகர்களுக்கு மூன்று பதில்கள்

கேள்வி: அண்ணா, என் மகன் இங்கே ஃப்ரீமாண்ட்டில் பிறந்தவன். இப்போது 18 வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) கிரிமினல் ஜஸ்டிஸ் படித்து போலீஸ் ஆகப்போகிறேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு வருடத்தில் துப்பாக்கியும் கையுமாகத் தெருவில் நிற்பானோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சொந்தக்காரர்கள் வேறு “கம்யூனிட்டி காலேஜா?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்லி அவன் மனதை மாற்றுவது?
— ஒரு தாய், ஃப்ரீமாண்ட்

பதில்: முதலில் தூங்குங்கள் அம்மா. இரண்டு வருடத்தில் அவன் போலீஸ் ஆகவே முடியாது. 2022 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் புதிதாகப் போலீஸ் அதிகாரியாகச் சேர 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன்பு 18 போதும் என்று இருந்தது. ஆக, உங்கள் பையனுக்கு மூன்று வருடம் இருக்கிறது, அதை எப்படிக் கழிக்கப்போகிறான் என்பதுதான் கேள்வி.

நான் பல வருடம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாணவர் ஆலோசகராக இருந்தவன். வருகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இருக்கும் குழப்பம் இதுதான்: கிரிமினல் ஜஸ்டிஸ் டிகிரி வேறு, போலீஸ் வேலைக்கான பயிற்சிப் பள்ளியான போலீஸ் அகாடமி வேறு. டிகிரி முடித்தவுடன் யாரும் பேட்ஜ் தருவதில்லை. நம் காலேஜ்களில் இந்தப் படிப்புக்குப் பெரும்பாலும் ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று பெயர், சுருக்கமாக ஏ.ஜே. குற்றவியல் சட்டம், சாட்சியங்கள், நீதிமன்ற நடைமுறை, சிறார் நீதி, புலனாய்வு என்று சாதாரண வகுப்பறையில் உட்கார்ந்து படிப்பது. மொத்தம் 60 யூனிட். கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், அதாவது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் கட்டணம், வருமானம் குறைவென்றால் அதுவும் தள்ளுபடியாகும். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் டிகிரியாக எடுத்தால் ‘கால் ஸ்டேட்’ எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதாவது ஒன்றில் மூன்றாம் வருடத்தில் இடம் உறுதி, கேட்ட வளாகமே கிடைக்கும் என்பது மட்டும் உறுதியில்லை. சொந்தக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

படிப்பில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், நான் ரிப்போர்ட் எழுதும் வகுப்பைத்தான் சொல்வேன். ஒருமுறை பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் “அந்த ஆள் பதற்றமாக இருந்தான்” என்று எழுதியிருந்தான். ஓய்வுபெற்ற சார்ஜென்ட்தான் ஆசிரியர், அந்த வரியை அடித்துவிட்டு, “பதற்றத்தை நீ எங்கே பார்த்தாய்? கண்ணால் பார்த்ததை எழுது” என்றார். பையன் யோசித்து யோசித்து எழுதினான்: வலது கை நடுங்கியது, லைசென்ஸை இரண்டு முறை கீழே போட்டான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் காரின் பின்சீட்டையே பார்த்தான். நாளைக்கு ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதோ வீட்டுக்கு அனுப்புவதோ இந்த மாதிரி வரிகளில்தான் இருக்கிறது. பார்த்ததற்கும் நினைத்ததற்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைகள் போலீஸில் இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பெர்க்லி. அங்கே ஆகஸ்ட் வால்மர் என்றொருவர், தபால்காரராக இருந்து 1905-ல் ஊரின் மார்ஷலாக, அதாவது போலீஸ் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டவர், பள்ளிப்படிப்பையே முழுதாக முடிக்காதவர். அவர்தான் 1908-ல் தன் ஆட்களுக்கு ஒரு போலீஸ் பள்ளி தொடங்கி, போலீஸ்காரர் காலேஜ் படிக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சான் ஹோசே ஸ்டேட்டில் 1930-ல் போலீஸ் படிப்பு தொடங்கியதற்குப் பின்னாலும் அவர் எண்ணம்தான் இருந்தது.

மனதை மாற்றப் பார்க்காதீர்கள், பார்க்க அனுப்புங்கள். கவுண்டி கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது, ஒரு வாரம் போய் உட்காரட்டும். நிறைய போலீஸ் துறைகளில் ‘ரைடு-அலாங்’ உண்டு, விண்ணப்பித்தால் ஒரு ஷிஃப்ட் முழுக்க ரோந்துக் காரில் கூட்டிப்போவார்கள். பல துறைகள் மாணவர்களைச் சம்பளத்துடன் கேடட்டாகவும் (பயிற்சி உதவியாளர்) வைத்துக்கொள்கின்றன. இதையெல்லாம் பார்த்த பிறகு அவனுக்கே வேண்டாம் என்று தோன்றினால், அதே டிகிரியை வைத்து ப்ரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு), 911 டிஸ்பேட்ச் (அவசர அழைப்பு மையம்), கோர்ட் அலுவலகம் என்று போகலாம், இல்லை சட்டம் படிக்கப் போகலாம். அப்புறமும் போலீஸ்தான் என்று நின்றால் அவன் தெரிந்துகொண்டு நிற்கிறான், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது, உயரம் 5 அடி 2 அங்குலம். ஏ.ஜே. முடித்துவிட்டேன். அகாடமியில் ஆறடிச் சுவர் ஏற வேண்டுமாமே, என்னால் முடியுமா? வேலை கிடைக்கும் முன்பே சொந்தக் காசில் சேரலாமா?
— ஒரு வாசகி, சாக்ரமெண்டோ

பதில்: முடியும்மா. குறைந்தபட்ச உயரம் என்று மாநில விதி எதுவும் இல்லை. உடல்திறன் தேர்வில் ஐந்து பகுதிகள்: 99 கஜம் தடைகளோடு ஓட்டம், 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுப்பது, ஆறடிக் கம்பி வேலி, ஆறடிச் சுவர், கடைசியில் 500 கஜம் ஓட்டம். சுவரில் எல்லாரும் செய்யும் தப்பு, தோள் பலத்தால் உடம்பைத் தூக்கப் பார்ப்பது. வேகமாக ஓடி வந்து, இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு காலை வைத்து உதைக்க வேண்டும், அந்த உதையில் உடம்பு மேலே வரும்போது கை விளிம்பைப் பிடித்தால் போதும். பொம்மையையும் பின்பக்கமிருந்து அக்குளுக்குள் கைகொடுத்து மார்போடு அணைத்து, முதுகு நேராக, காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். மூன்று மாதம் இப்போதிருந்தே பழகு.

சொந்தக் காசில் சேருவது பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மாநில விதிப்படி அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம், பெரும்பாலான அகாடமிகள் அதற்கு மேலேயே நடத்துகின்றன, முழுநேரமாகப் போனால் ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு துறை உன்னை எடுத்து அனுப்பினால் அந்த ஆறு மாதமும் சம்பளம். நீயாகச் சேர்ந்தால் கட்டணம், சீருடை, தோட்டா வரைக்கும் உன் செலவு, முடித்த பிறகு மூன்று வருடத்துக்குள் வேலையில் சேராவிட்டால் மறுதகுதிப் பயிற்சிக்குப் போக வேண்டும். முதலில் நான்கைந்து துறைகளுக்கு விண்ணப்பம் போடு. எதுவும் அமையாவிட்டால், பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் படிக்கிற நீண்ட வகுப்பு சில காலேஜ்களில் இருக்கிறது, அதைப் பார்.

கேள்வி: வயது 34, கிரீன் கார்டு. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? முன்பு ஒரு கடை வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், அதைப் படிவத்தில் எழுதாமல் விடலாமா?
— ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: விண்ணப்பிக்கலாம். குடியுரிமை இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு விண்ணப்பித்தாவது இருக்க வேண்டும் என்ற மாநில விதி 2023-ல் போய்விட்டது, சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும். ஆனாலும் நீங்கள் போகிற துறைக்குத் தனி விதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 34 ஒரு வயதே இல்லை, உடம்பைத் தயார் செய்யுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: கட்டாயம் எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர், நல்ல மதிப்பெண், நல்ல ஓட்டம், நீங்கள் கேட்பது போலவே, தன்னை நீக்கிய ஒரு பழைய வேலையை எழுதாமல் படிவத்தை நிரப்பினார். பின்னணி விசாரிக்கிறவர்கள் இருந்த வீடு, பார்த்த வேலை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கேட்பார்கள், அது மாதக்கணக்கில் நடக்கும். அந்தப் பழைய முதலாளியும் அகப்பட்டார். வேலையை விட்டு நீக்கியதை அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை, மறைத்ததைத்தான் எடுத்தார்கள், அதோடு அவர் விண்ணப்பம் முடிந்தது. என் அறையில் உட்கார்ந்து அழுதார், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்த வருடம், ஏன் நீக்கினார்கள், உங்கள் தப்பு அதில் எவ்வளவு என்று நான்கு வரி நேராக எழுதி, அந்த முதலாளியின் பெயரையும் போன் நம்பரையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.