டின் பீச் மட்டும் ஏன் குழைவதில்லை?

வீட்டில் பாகில் போட்டால் பீச் கூழாகிவிடுகிறது, டின்னில் வருவது மட்டும் கட்டியாக இருக்கிறதே, என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ரகசியம் சேர்மானத்தில் இல்லை. பழமே வேறு.

கலிஃபோர்னியாவில் யூபா சிட்டிப் பக்கம் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே பீச் தோட்டக்காரர்களில் பலர் பஞ்சாபி சீக்கியர்கள். அப்படி ஒருவர் தோட்டத்தில், ஆகஸ்ட் வெயிலில், டின்னுக்குப் போகிற பழம் ஒன்றைக் கையில் கொடுத்தார். வழக்கம்போலச் சுற்றிலும் கீறி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினேன். என் விரல்தான் வழுக்கியது, கொட்டை அசையவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே கத்தியை வாங்கிச் செதுக்கித் தந்தார். கொட்டை வரைக்கும் ஒரே மஞ்சள். மென்றால் ரப்பர் மாதிரி ஒரு விறைப்பு. உண்மையைச் சொன்னால், அப்படியே தின்ன எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த விறைப்புதான் விஷயம். சாதாரண பீச் பழுக்கும்போது ஒரு நொதி செல் சுவரிலுள்ள பெக்டினைச் சிதைக்கிறது, சதை இளகிவிடுகிறது. டின் ரகங்களில் அந்த நொதி வேலை செய்வதில்லை. கொட்டை ஒட்டுமா ஒட்டாதா என்பதும் மரபணுவில் அதே இடத்தோடு பிணைந்திருக்கிறது. இளகாத சதை வேண்டுமா, ஒட்டுகிற கொட்டையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழிற்சாலைக்கு அது பெரிய தொல்லை இல்லை: கொட்டையை எடுக்க இயந்திரம், தோலைக் கழற்றச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல்.

அந்த மஞ்சளும் தற்செயல் இல்லை. கொட்டையைச் சுற்றிச் சிவப்பு இருந்தால் டின்னுக்குள் அது பழுப்பாகிவிடும். பார்க்க அழுகல் மாதிரி இருக்கும். அதனால் சிவப்பில்லாத மரங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டாக்டர் டேவிஸ்' அப்படி ஒரு ரகம். பெயர் ஊருக்காக வைத்தது என்று நினைத்திருந்தேன். அங்கே வேலை பார்த்த பழவியலாளர் ஒருவரின் பெயராம். டின்னுக்கான மற்ற ரகங்களில் லோடெல், கார்சன் முன்கூட்டியே பழுக்கும், ஹால்ஃபோர்ட் கடைசியில் வரும். இப்படி மாறி மாறிப் பழுப்பதால் ஆலைக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து பழம் கிடைக்கும். ஹால்ஃபோர்டின் கொட்டையைக்கூட வீணாக்குவதில்லை. நாற்றங்காலில் முளைக்கவைத்து, மற்ற பீச் ரகங்களை ஒட்டுக்கட்ட அடிச்செடியாக்குகிறார்கள்.

சரி, வீட்டில் செய்ய? கொட்டை ஒட்டுகிறது என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஒட்டுகிறவற்றிலும் இளகும் ரகங்கள் உண்டு. நன்றாகப் பழுத்ததை அமுக்கிப் பாருங்கள். அப்போதும் விறைப்பாக இருந்தால் பாகில் தாங்கும்.