அரசு வீட்டுக்கு நெட் லைன் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

அரசாங்க மானியத்துல கட்டுன குடியிருப்புகளுக்கு பிராட்பேண்ட் கொண்டுபோறது பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால இந்த வாரம் முழுக்க அதே சப்ஜெக்ட்தான்.

கேள்வி: எல்லார் கையிலயும்தான் போன் இருக்கே, அதுலயே நெட் வருது. மானிய வீட்டுல இருக்கறவங்களுக்கு தனியா பிராட்பேண்ட் எதுக்கு?

போன்ல நெட் இருக்கறது வேற, வீட்டுல நெட் இருக்கறது வேறங்க. நாலு பேர் இருக்கற வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது அம்மாகிட்ட இருக்குன்னா, அவங்க வேலைக்குக் கிளம்பும்போது அந்த வீட்டோட நெட்டும் கூடவே கிளம்பிப் போயிடுது, அவங்க திரும்பி வந்தப்புறம்தான் பசங்க ஹோம்வொர்க்கையே தொட முடியும், அதுக்குள்ள அன்னிக்கு டேட்டா பாதி தீர்ந்திருக்கும். வேலைக்கு அப்ளிகேஷன் போடறது, நீளமான ஃபார்ம் நிரப்பறது, டாக்டர்கிட்ட வீடியோவுல பேசறது இதெல்லாம் சின்ன ஸ்கிரீன்ல விட்டு விட்டு வர்ற சிக்னல்ல செய்யற கஷ்டம் செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். அமெரிக்காவுல தொலைத்தொடர்பைக் கவனிக்கற எஃப்சிசி 2024 மார்ச்ல, டவுன்லோட் 100 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு), அப்லோட் 20 எம்பிபிஎஸ் இருந்தாத்தான் அது பிராட்பேண்ட்னு அளவை ஏத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி 25, 3 தான். இதுல அப்லோட் ஏன் அவ்வளவு ஏறுச்சுன்னு பாருங்க, வீடியோ கால்ல நம்ம முகமும் குரலும் போறது அந்தப் பக்கமாத்தான்.

கேள்வி: தெருமுனை வரைக்கும் ஃபைபர் வந்துடுது, ஆனா எங்க மாதிரி குடியிருப்புக்குள்ள மட்டும் வர மாட்டேங்குதே, ஏன்?

கம்பெனிக்காரங்க போடற கணக்கு இதுதான்: உள்ள இழுக்க எவ்வளவு செலவு, உள்ள இருக்கறவங்கள்ல எத்தனை பேர் மாசா மாசம் கட்டுவாங்க. பழைய கட்டடத்துல மாடிக்கு மாடி கேபிள் ஏத்த டக்ட் இருக்காது, கான்கிரீட்டைத் துளைக்கணும், துளைக்க பெர்மிஷன் வேணும், பெர்மிஷன் குடுக்க வேண்டிய இடத்துல யார் கையெழுத்து போடறதுன்னே தெளிவா இருக்காது. இவ்வளவும் தாண்டி உள்ள வந்தா நாலு வீடுதான் கனெக்ஷன் எடுக்கும்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு, அதனால பக்கத்து தனியார் அபார்ட்மெண்டுக்குப் போயிடறாங்க.

என்னைக் கேட்டா இந்த வேலையை கம்பெனியோட விருப்பத்துக்கு விட்டதே தப்பு. தண்ணி பைப்பும் கரண்ட் வயரும் வீட்டோட சேர்ந்து வர்ற மாதிரி நெட் லைனும் வீட்டோட சேர்ந்துதான் வரணும், அது கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அரசோட பொறுப்பு. அமெரிக்க வீட்டுவசதித் துறை 2016 டிசம்பர்ல ஒரு ரூல் கொண்டுவந்துச்சு, அவங்க பணத்துல 4 வீட்டுக்கு மேல இருக்கற வாடகைக் குடியிருப்பைப் புதுசா கட்டுனாலோ பெரிய அளவுல புதுப்பிச்சாலோ பிராட்பேண்டுக்கான வயரிங் உள்ள இருந்தே ஆகணும்னு. சுவர் திறந்து கிடக்கும்போது ஒரு குழாய் போட்டு வைக்கற செலவு ஒண்ணுமே இல்ல, பூசி பெயிண்ட் அடிச்சப்புறம் உடைச்சுப் போடறதுதான் செலவு. அந்த ரூல்லயும் ஒரு ஓட்டை இருக்கு, வயரிங் வரைக்கும்தான் அது பேசுது, மாச பில்லை யார் கட்டுவாங்கன்னு பேசல.

கேள்வி: அந்த மாச பில்லுக்கு அரசு மானியம் குடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிடுமே?

முடியலைங்க, அதுக்கு சாட்சியும் அமெரிக்காவுலயே இருக்கு. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துல 1,420 கோடி டாலர் ஒதுக்கி ஏசிபின்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, ஒரு குடும்பத்துக்கு மாசம் 30 டாலர் வரைக்கும் நெட் பில்லுல கழிவு, பழங்குடி நிலங்கள்ல 75 டாலர் வரைக்கும். அரசு வீட்டு உதவி வாங்கறவங்களுக்கும் தகுதி இருந்துச்சு. ஜனங்க சும்மா இருக்கல, சுமார் 2.3 கோடி குடும்பம் சேர்ந்துச்சு. ஆனா பணம் ஒரே தடவை ஒதுக்குனது, அது தீரத் தீர மறுபடி ஒதுக்க நாடாளுமன்றத்துல ஒத்துவரல, 2024 பிப்ரவரியில புதுசா சேர்க்கறதை நிறுத்துனாங்க, ஏப்ரல்தான் முழுக் கழிவு கிடைச்ச கடைசி மாசம், ஜூன் 1ஆம் தேதியோட திட்டமே முடிஞ்சுபோச்சு. நேத்து வரைக்கும் வந்த நெட்டுக்கு இன்னிக்கு முழு பில் கட்டுன்னு சொன்னா, வாடகையே யோசிச்சுக் கட்டற குடும்பம் முதல்ல எதை வெட்டும்? ஆன்லைன் கிளாஸும் மருத்துவ ஃபாலோ-அப்பும் பாதியிலயே நின்னுடும்.

மானியமே வேண்டாம்னு நான் சொல்லல, கண்டிப்பா வேணும். ஆனா மானியத்தை மட்டும் குடுத்தா திட்டம் நின்ன அன்னிக்கு அந்தக் கட்டடத்துல மிச்சம்னு ஒண்ணும் இருக்காது, அதே பணத்துல ஒரு பகுதி ஃபைபரா சுவருக்குள்ள போயிருந்தா, ஆட்சி மாறினாலும் அது அங்கயேதான் இருக்கும், அப்புறம் குறைஞ்ச விலைக்கு யாரோட வேணாலும் பேரம் பேசலாம்.

கேள்வி: எங்க பிளாக்ல வராந்தாவுல இலவச வைஃபை வெக்கப் போறாங்களாம். நல்லதுதானே?

ஒண்ணுமே இல்லாததுக்கு நல்லதுதான், ஆனா அதோட திருப்திப்பட்டுடாதீங்க. கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் தாண்டும்போது சிக்னல் செத்துடும், வாசல்ல உக்காந்துதான் படிக்கணும்னு ஆயிடும், ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்துல ஏறுனா இழுக்கவும் செய்யாது. லைன் வீட்டுக்குள்ள வந்து ரவுட்டர் வீட்டுக்குள்ள இருக்கணும். நியூயார்க் நகராட்சி 2022ல பிக் ஆப்பிள் கனெக்ட்னு ஆரம்பிச்சது இந்த வழிதான், பொதுக் குடியிருப்புகளுக்கு மொத்தமா கம்பெனிகளோட ஒப்பந்தம் போட்டு வீட்டுக்குள்ளயே இலவச நெட், கூடவே பேசிக் கேபிள் டிவி. மொத்தமா வாங்கறப்போ வீடு ஒண்ணுக்கு ஆகற செலவு நல்லா குறையும்.

மொத்த ஒப்பந்தத்துல ஒரு ஆபத்தும் இருக்கு, அந்த ஒரு கம்பெனியைத் தவிர வேற யாரும் உள்ளயே வர முடியாதபடி கட்டிப்போட்டுடுவாங்க, அப்புறம் சர்வீஸ் மோசமானா போக்கிடம் இல்ல. எஃப்சிசி 2007லயே அபார்ட்மெண்டுகள்ல ஒரே கம்பெனிக்கு மட்டும் அனுமதிங்கற கேபிள் ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டுச்சு, ஓனருக்கு வருமானத்துல தனிப் பங்கு குடுத்து போட்டியாளரை அடைக்கற சில ஏற்பாடுகளையும் 2022ல நிறுத்துச்சு. எனக்குப் பிடிச்சது சிங்கப்பூர் முறை, அங்க எச்டிபிங்கற அரசு வாரியம் கட்டுன வீடுகளுக்கு ஒரு நிறுவனத்தோட ஃபைபர் வந்துடுது, அதே ஃபைபர் மேல பல கம்பெனிங்க போட்டி போட்டு சர்வீஸ் விக்கறாங்க, கம்பெனி மாத்தணும்னா யாரும் சுவரைத் துளைக்க வேண்டியதில்ல.

கேள்வி: இதையெல்லாம் உரிமைன்னு கேட்கறது கொஞ்சம் ஓவரா இல்லையா?

இல்ல. ஃபின்லாந்து 2010 ஜூலையில 1 எம்பிபிஎஸ் இணைப்பை சட்டப்படி உரிமையாக்குச்சு. கேரளா இணையம் அடிப்படை உரிமைன்னு சொல்லி 2023 ஜூன்ல கே-ஃபோன்ங்கற அரசு ஃபைபர் நெட் திட்டத்தைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவசம்னு இலக்கு வெச்சுச்சு, முதல் கட்டம் 14,000 குடும்பம்தான், திட்டம் நகர்ற வேகம் பத்தலைன்னு தாராளமா கேளுங்க, ஆனா கேட்கறதுக்கு ஒரு வாக்குறுதியாவது கையில இருக்கு.

கேள்வி: லைன் வந்துடுச்சு, ஆனா எங்க பிளாக் பெரியவங்க யாரும் தொட மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

கம்ப்யூட்டர் இருக்கா, சொல்லித்தர ஆள் இருக்கான்னு முதல்ல பாருங்க. 2015ல ஒபாமா அறிவிச்ச கனெக்ட்ஹோம் திட்டத்துல 27 நகரங்களும் ஒரு பழங்குடி சமூகமும் இருந்துச்சு, அதுல லைனோட சேர்த்து கருவியும் பயிற்சியும் உண்டு. அதே பிளாக்ல இருக்கற, பெரியவங்க பேரு தெரிஞ்ச, கோவப்படாம ரெண்டாவது தடவையும் சொல்லித்தர்ற ஒருத்தருக்கு சம்பளம் குடுத்து வெக்கணும், சும்மா தன்னார்வலரா வான்னு சொன்னா ஒரு மாசம்தான் வருவாங்க. பாஸ்வேர்டை யார்கிட்டயும் குடுக்கக் கூடாது, ஓடிபி கேட்டா போனை வெச்சிடணும், இதை முதல் நாளே சொல்லிடுங்க.

கேள்வி: பழைய நெட் பில் பாக்கி இருக்கறதால புது கனெக்ஷன் குடுக்க மாட்டேங்கறாங்க. மொத்த ஒப்பந்தம் வந்தா எனக்குக் கிடைக்குமா?

கிடைக்கற மாதிரி எழுத வைக்கலாம். கணக்கு குடியிருப்பு வாரியம் பேர்ல இருந்தா கம்பெனி உங்க பழைய பாக்கியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, ஆனா இதை ஒப்பந்தத்துல ஒரு வரியா போடச் சொல்லுங்க, கையெழுத்தாகறதுக்கு முன்னாடி குடியிருப்போர் சங்கம் மூலமா எழுத்துல கேளுங்க, கையெழுத்து ஆனப்புறம் ஒரு வார்த்தை மாத்தறதும் பெரும்பாடு.