பூஜ்யம் போட்டும் அணையாத ப்ராப்பர்ட்டி

கேள்வி: ஐ.எம்.எக்ஸ்6 சிப் உள்ள போர்டு ஒன்றுக்கு லினக்ஸ் கட்டுகிறேன். போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஒரு சிக்கல். தயாரிப்பாளர் தந்த டிடிஎஸ்ஐ என்ற பொதுக் கோப்பில், யூஆர்ட்2 என்ற சீரியல் போர்ட்டுக்கு ‘யூஆர்ட்-ஹாஸ்-ஆர்டிஎஸ்சிடிஎஸ்’ (ஆர்டிஎஸ், சிடிஎஸ் பின்கள் உண்டு) என்று இருக்கிறது. அந்த இரண்டு பின்களும் எனக்கு ஜிபிஐஓ-வாக (பொதுப் பயன்பாட்டுப் பின்களாக) வேண்டும். டிடிஎஸ்ஐ-யை இன்க்ளூட் செய்யும் என் போர்டின் டிடிஎஸ் கோப்பில் அந்த ப்ராப்பர்ட்டிக்கு <0> கொடுத்தும் பயனில்லை. டிடிஎஸ்ஐ-யிலேயே வரியை எடுத்துவிடலாமா?

பதில்: அதில் கை வைக்காதீர்கள். அதே கோப்பை வேறு போர்டுகளும் இன்க்ளூட் செய்திருக்கும். கெர்னல் பதிப்பு மாறும்போது உங்கள் திருத்தமும் காணாமல் போகும். இது பூலியன் ப்ராப்பர்ட்டி, அதாவது ஆம்/இல்லை வகை. டிரைவர் மதிப்பைப் பார்ப்பதில்லை, பெயர் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. <0> எழுதினாலும் பெயர் இருக்கிறதே! ஆகவே உங்கள் டிடிஎஸ்-ல், இன்க்ளூட் வரிக்குக் கீழே, ‘&யூஆர்ட்2’ அடைப்புக்குள் ‘/டெலீட்-ப்ராப்பர்ட்டி/’ போட்டு அந்தப் பெயரை எழுதுங்கள். அந்த அடைப்புக்குள் துணை நோடுகள் (உட்சாதனங்களுக்கான பகுதிகள்) இருந்தால் அவற்றுக்கு முன்பே இந்த வரி வர வேண்டும். இல்லாவிட்டால் டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) பிழை காட்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் டிடிசி வாயே திறக்காது. பழைய கோப்புகளில் ‘எஃப்எஸ்எல்,’ என்ற முன்னொட்டோடு இதே பெயர் இருக்கும். டிரைவர் இரண்டையும் ஏற்கும் என்பதால் உள்ளபடியே பார்த்து எழுதுங்கள்.

பாதி வேலைதான் முடிந்தது. பின்கள் இன்னும் யூஆர்ட்டின் பின்கண்ட்ரோல் குழுவில், அதாவது எந்தப் பின் எந்த வேலைக்கு என்ற பட்டியலில்தான் இருக்கின்றன. ‘எஃப்எஸ்எல்,பின்ஸ்’ பட்டியலை மேலெழுதினால் பழையதும் புதியதும் சேராது, முழுப் பட்டியலும் மாறிவிடும். ஆகவே தரவை அனுப்பும் டிஎக்ஸ், பெறும் ஆர்எக்ஸ் ஆகிய பின்கள் இரண்டையும் மறக்காமல் திரும்ப எழுதுங்கள். விட்டால் அந்த யூஆர்ட்டே வேலை செய்யாமல் போகலாம். ஐ.எம்.எக்ஸ்6-ல் டிரைவர் ஜிபிஐஓ கேட்பதால் மட்டும் மக்ஸ் (பின்னுக்கு எந்த வேலை என்ற தேர்வு) மாறாது. விடுவித்த பின்களை, அவற்றைப் பயன்படுத்தும் நோடின் குழுவில் ஜிபிஐஓ மக்ஸ் மதிப்போடு சேர்க்க வேண்டும். பழைய குழுவிலும் அவை இருந்தால் பூட் லாகில் ‘ஆல்ரெடி ரிக்வெஸ்டட்’ என்ற பிழை வரும்.

சரிபார்க்க, போர்டு ஓடும்போது ‘/ப்ராக்/டிவைஸ்-ட்ரீ’-யில் அந்த நோடின் கோப்புறையைத் திறங்கள். ஒவ்வொரு ப்ராப்பர்ட்டியும் அங்கே ஒரு கோப்பு. அந்தப் பெயரில் கோப்பு இல்லையென்றால் வேலை முடிந்தது.

கேள்வி: இதையே டிடிபிஓ ஓவர்லேயில் (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீயின் மேல் பிறகு ஒட்டும் கோப்பில்) செய்யலாமா?

பதில்: முடியாது. டெலீட் கட்டளை ஓவர்லேயைக் கம்பைல் செய்யும்போதே தீர்ந்துவிடும்; டிடிபிஓ-வுக்குள் போவதில்லை. ஓவர்லேயால் சேர்க்கலாம், மதிப்பை மாற்றலாம், நீக்க முடியாது. முழு நோடே வேண்டாமென்றால் ‘ஸ்டேட்டஸ்’-ஐ ‘டிஸேபிள்ட்’ ஆக்குங்கள். ஒரு ப்ராப்பர்ட்டி மட்டும் போக வேண்டுமென்றால் யூ-பூட் பூட்லோடரில் ‘எஃப்டிடி ஆர்எம்’ கட்டளை உண்டு. அடிப்படை டிடிஎஸ்-ஐத் திருத்துவதே நல்லது.

கேள்வி: செஃபிர் என்ற சிறு இயங்குதளத்தில்?

பதில்: பெயர் ஓவர்லே என்றாலும் அங்கே அது பில்டின்போதே ஒட்டப்படும் உரை, டெலீட் வேலை செய்யும். பூலியனுக்கு <0> கொடுத்தால் பில்ட் அங்கேயே நிற்கும், இந்த விஷயத்தில் லினக்ஸைவிட மேல். இறுதி வடிவம் ‘பில்ட்/செஃபிர்/செஃபிர்.டிடிஎஸ்’-ல் இருக்கும். ‘போர்ட்ஸ்’ கோப்புறையில் உங்கள் போர்டின் பெயரில் ஓவர்லே இருந்தால் ‘ஆப்.ஓவர்லே’ கண்டுகொள்ளப்படாது. பில்டுக்குப் பிறகு புதிதாக ஓவர்லே கோப்பு சேர்த்திருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட ‘வெஸ்ட் பில்ட் -பி’ கொடுங்கள்.