சீற்றம் ஒன்று, சேதம் வேறு: கேள்வி பதில்

கேள்வி: சார், நிலநடுக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சாவு, இதுதானே கணக்கு?

பதில்: கணக்கு அப்படி வருவதில்லை. 2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவில் குலுங்கியது. லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8. ஆற்றலில் சுமார் 500 மடங்கு, ஆனால் இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம். ஹைட்டியில் மையம் தலைநகரை ஒட்டியே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே கட்டட விதி என்பதே நடைமுறையில் இல்லை. சிலியோ 1960-இல் 9.5-ஐப் பார்த்துச் சூடுபட்ட நாடு.

கேள்வி: அப்படியானால் பணம் இருக்கும் நாடு தப்பிக்கும், இல்லாத நாடு மாட்டிக்கொள்ளும். சரியா?

பதில்: பாதி சரி. இன்றைய வங்கதேசக் கரையில் 1970 புயலுக்குக் குறைந்தது 3 லட்சம் பேர் பலி. 2007-இல் சித்ர் புயலுக்குச் சுமார் 3,400 பேர். இடையில் அது ஒன்றும் செல்வந்த நாடாகிவிடவில்லை. மெகாபோனோடு தெருத் தெருவாகப் போகும் தன்னார்வலர்களும், தூண்கள்மேல் நிற்கும் புகலிடங்களும் வந்தன. அதுவும் கட்டிவிட்டால் போதாது. வீட்டுக்கு இருக்கும் ஒரே சொத்து ஒரு பசு என்றால் அதை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? மாடுகள் ஏறி நிற்கவென்றே மண்மேடுகள் எழுப்பினார்கள். தனி இடமும் கழிப்பறையும் இல்லாத புகலிடத்துக்கு வரப் பெண்கள் தயங்கினார்கள். அதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், பேரிடர் மேலாண்மையில் பாதி இந்த மாதிரி விஷயங்கள்தான்.

கேள்வி: பெரிய தடுப்புச் சுவர் கட்டிவிட்டால்?

பதில்: ஜப்பானில் தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் சுவர் இருந்தது. 2011 சுனாமி அதைத் தாண்டி வந்தது.

கேள்வி: விஞ்ஞானிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே, ஐயா?

பதில்: 1985-இல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலைக்கு அபாய வரைபடம் ஒரு மாதம் முன்பே தயார். ஊரைக் காலி செய்து, அப்புறம் எரிமலை வெடிக்கவில்லை என்றால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று அதிகாரிகள் தயங்கினார்கள். நவம்பர் 13 பிற்பகல், அந்தப் பகுதியின் ஆர்மெரோ என்ற ஊரில் சாம்பல் விழுந்தபோதும், பதற வேண்டாம் என்றே அறிவிப்பு. அன்றிரவு எரிமலை வெடித்து உச்சிப் பனி உருகி, நள்ளிரவுக்கு முன் சேற்று வெள்ளம் வந்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் பலி.

கேள்வி: கருவி, சைரன் எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: இந்தோனேசியாவின் சிமெலூ தீவில் 1907-இல் ஒரு சுனாமி வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். 2004-இல் அந்தத் தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில். ‘ஸ்மோங்!’ என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.